பஸ்ஸுக்கு இடப்பக்கம் மூன்றடி: கடலூர் சாலையில் சைக்கிள்காரர்களும் பஸ் டிரைவர்களும் கொஞ்சம் பேசலாமா?

முருங்கப்பாக்கத்தான் (திங்கள், இரவு 9:10)

வணக்கம். முருங்கப்பாக்கத்தில் இருந்து பாண்டி டவுனுக்கு வேலைக்குப் போய்வர எனக்குத் தினமும் சைக்கிள்தான். ஒன்பது வருடம் ஆகிறது.

போன வியாழக்கிழமை காலை முதலியார்பேட்டை அருகே ஒரு பஸ் என்னை ஒட்டி முந்தியது. முந்தி முடிப்பதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது. பஸ் அப்படியே இடது பக்கம் ஒடித்தது. எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மூன்றடி இருந்தது, ஒரு அடி ஆனது, அப்புறம் ஒன்றுமே இல்லை. ஹேண்டில்பார் நுனி தகரத்தில் உரசி, ஓரத்து மணலில் விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்தது, முன் சக்கரம் கோணலாகிவிட்டது. அவ்வளவோடு போயிற்று. ஆனால் பஸ்ஸின் பின் சக்கரம் என் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

எந்தப் பஸ், என்ன நம்பர் என்று எழுதப் போவதில்லை. கண்டக்டர் குதித்து இறங்கி என்னைத் தூக்கினார். டிரைவர் கை நடுங்க நின்றார். "உன்னைப் பார்க்கவே இல்லைப்பா" என்றார். அந்த வார்த்தைதான் நான்கு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து விநாடிக்கு முன்னால்தான் என்னை முந்தினார். முந்தியவர் எப்படிப் பார்க்காமல் இருப்பார்? இங்கே பஸ் ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சண்டைக்குக் கேட்கவில்லை, நாளைக்கும் அதே சாலையில்தான் நான் போக வேண்டும்.

லாஸ்பேட்டை பையன் (திங்கள், இரவு 9:32)

அண்ணா, பார்க்கவில்லை என்பதை நான் நம்ப மாட்டேன். பார்த்துவிட்டுத்தான் ஒடிக்கிறார்கள். சைக்கிள்காரன் பயந்து பிரேக் பிடிப்பான் என்ற தைரியம். உங்கள் இடத்தில் ஒரு லாரி இருந்தால் இப்படி ஒடிப்பார்களா? முதுகுக்குப் பின்னால் வந்து ஏர் ஹாரன் அடிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. அந்த ஹாரனைப் பொருத்துவதே சட்டப்படி தப்பு. போலீஸில் எழுதிக் கொடுங்கள்.

பழைய டிரைவர் (திங்கள், இரவு 10:45)

தம்பி, அடி பலமில்லை என்று படித்தபோதுதான் மூச்சு வந்தது. நான் 31 வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். கடலூர் ஆல்பேட்டையில் வீடு. அந்த டிரைவரைக் காப்பாற்ற இதை எழுதவில்லை. அவர் செய்தது தப்பு. ஆனால் "பார்க்கவில்லை" என்றது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

நீங்கள் முன்னால் போகும்போது உங்களை அவர் முன்பக்கப் பெரிய கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பார். பஸ்ஸின் மூக்கு உங்களைத் தாண்டியதும் நீங்கள் அவர் கண்ணில் இருந்து இறங்கிவிடுகிறீர்கள். டிரைவர் உட்காருவது வலப்பக்கம், உயரத்தில். இடப்பக்கம் முன் படிக்கட்டில் நாலு பேர் நிற்பார்கள், சீட்டில் ஆள் இருக்கும். அந்தப் பக்கம் தரையோடு ஒட்டி இருப்பது எதுவும் நேராகத் தெரியாது. மிச்சம் இருப்பது இடது கண்ணாடி ஒன்றுதான். அது குவிந்த கண்ணாடி, பக்கத்தில் இருப்பதைத் தள்ளி இருப்பது போலக் காட்டும். அந்த நேரத்தில் டிரைவரின் கண் அதில் இருக்காது, நிறுத்தத்தில் இருக்கும். யார் கை காட்டுகிறார்கள், யார் ஓடி வருகிறார்கள், எந்தப் பிள்ளை ரோட்டில் இறங்கி நிற்கிறது என்று பார்ப்பார்.

இன்னொரு விஷயத்தைப் பல டிரைவர்கள் யோசிப்பதே இல்லை. முந்திவிட்டால் அந்தச் சைக்கிள் கணக்கில் இருந்து போய்விட்டது என்று மனது நினைக்கிறது. நிறுத்தத்துக்காக பஸ் வேகம் குறைகிறது. சைக்கிள் தன் வேகத்திலேயே வருகிறது. நாலைந்து விநாடியில் சைக்கிள் மறுபடி பஸ்ஸின் விலாப்பக்கம் வந்துவிடுகிறது. முந்தியது உண்மை, ஆனால் நீங்கள் பின்னால் போகவில்லை. உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பின் சக்கரம். பஸ் 11, 12 மீட்டர் நீளம். இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முழுத் திருப்பத்தில் ஒரு மீட்டருக்கு மேலேயே உள்ளே வரும். முன் சக்கரம் நம்மைத் தாண்டிவிட்டது, இனி பயமில்லை என்று சைக்கிளில் நிற்பவர் நினைக்கிற இடம்தான் பின் சக்கரம் வரப் போகிற இடம். மரப்பாலம் சந்திப்பிலும் இந்திரா காந்தி சிலை சதுக்கத்திலும் இடது பக்கம் திரும்பும் பஸ்ஸுக்கு உள்பக்கத்தில் தயவுசெய்து நுழையாதீர்கள். பஸ் நின்றுகொண்டிருந்தாலும் வேண்டாம்.

இப்போது டிரைவர்களுக்கு ஒரு கணக்கு. நிறுத்தத்துக்கு 50 மீட்டர் இருக்கும்போது முன்னால் ஒரு சைக்கிள். அது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்த 50 மீட்டரைக் கடக்க 12 விநாடி. பஸ் 30-இல் போனால் 6 விநாடி. நிறுத்துவதற்குப் பிரேக் பிடிப்பதால் அந்த 6-உம் 8 ஆகிவிடும். ஆக முந்துவதில் மிச்சமாவது நாலு விநாடி. நாலு விநாடிக்காக ஒரு ஆளைப் பின் சக்கரத்துக்கு முன்னால் தள்ளுகிறோம்.

இதை நான் புத்தியால் கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், நெல்லிக்குப்பம் சாலையில் ஒரு பால்காரரை இதே மாதிரி முந்தி ஒடித்தேன். ஆள் பிழைத்தார். கேன் நசுங்கி, பால் முழுக்க ரோட்டில் ஓடியது. அதற்கு அப்புறம், நிறுத்தம் கண்ணில் தெரிந்துவிட்டால் சைக்கிளை முந்தியதே இல்லை.

முருங்கப்பாக்கத்தான் (செவ்வாய், காலை 6:05)

ஐயா, மிக்க நன்றி. "பஸ் வேகம் குறைகிறது, சைக்கிள் தன் வேகத்தில் வருகிறது" என்பதைப் படித்துவிட்டு அன்று நடந்ததை மனதில் ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். பஸ் முந்தியதும் நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் பஸ்ஸின் பின்னால் நின்றிருப்பேன். ஆனால் அந்த அரை விநாடியில் எனக்கு அது தோன்றவில்லை.

தடம் பாண்டி கடலூர் (செவ்வாய், பகல் 2:20)

நான் தனியார் பஸ் டிரைவர், பாண்டி கடலூர் தடத்தில் ஓட்டுகிறேன். பெரியவர் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் அவர் ஓட்டிய வண்டி வேறு, எங்கள் வண்டி வேறு.

எனக்குப் பின்னால் அடுத்த வண்டி சில நிமிடத்தில் வருகிறது. அவனுக்கு முன்னால் நான் நிறுத்தத்தைத் தொட்டால்தான் ஆள் ஏறும். கலெக்‌ஷனைப் பொறுத்துத்தான் எங்கள் பேட்டா. ஒரு நடையில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் சைக்கிள் இருக்கும். ஒரு சைக்கிளுக்கு நாலு விநாடி என்றால் இருபது சைக்கிளுக்கு ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல். அந்த ஒன்றேகால் நிமிடத்தில் பின் வண்டி என்னைத் தாண்டிவிடும். சேர வேண்டிய நேரத்துக்குச் சேரவில்லை என்றால் டைம் கீப்பரோடு ஒரு சண்டை. இதை நியாயம் என்று சொல்லவில்லை. என் காலை ஆக்சிலேட்டரில் அழுத்துவது எது என்று சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது படிக்கட்டுக்கும் ஓரத்துக்கும் நடுவில் சைக்கிளும் பைக்கும் புகுந்து வருகின்றன. ஆள் இறங்குகிற நேரம். போன மாதம் கூடையோடு இறங்கிய ஒரு அம்மா மீது சைக்கிள் மோதியது. ஓட்டிய பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைப் பெட்டிக்கடையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் கிளம்ப வேண்டியதாயிற்று.

லாஸ்பேட்டை பையன் (செவ்வாய், பகல் 2:41)

அப்போது பேட்டாவுக்காக நாங்கள் சாக வேண்டுமா?

தடம் பாண்டி கடலூர் (செவ்வாய், இரவு 11:15)

இல்லை தம்பி. நீங்கள் கேட்பது சரி. அதனால்தான் எழுதினேன். டிரைவரின் குணத்தை மட்டும் திட்டினால் அடுத்து வரும் டிரைவரும் இதையேதான் செய்வான். வண்டிக்கு வண்டி இடைவெளியை அகலமாக்கி, சம்பளத்தை கலெக்‌ஷனில் இருந்து பிரித்தால் இந்த அவசர ஓட்டம் பாதி நின்றுவிடும். அதை முதலாளிகளும் பர்மிட் கொடுக்கிறவர்களும் செய்ய வேண்டும். அதுவரைக்கும் நான் என்ன செய்ய முடியும் என்றுதான் யோசிக்கிறேன்.

மஞ்சக்குப்பம் டீச்சர் (புதன், மாலை 5:50)

கடலூரில் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் வந்ததும் என் வகுப்பில் பாதிப் பேர் அதில்தான் வருகிறார்கள். அவர்களில் பலர் அதுவரை ஊர்த் தெருவில் ஓட்டியவர்கள். பெரிய சாலையில் ஓட்டுவது அதுதான் முதல் முறை. பை கேரியரில், துப்பட்டா காற்றில், பேச்சு பக்கத்தில் வரும் தோழியோடு. மூன்று பேர் பக்கம் பக்கமாகச் சேர்ந்து வருவதை நானும் கண்டிக்கிறேன்.

ஆனால் எல்லா வீட்டிலும் சொல்லி அனுப்புகிற ஒரு புத்திமதி எனக்குச் சரியாகப் படவில்லை. "ஓரமாப் போ." எவ்வளவு ஓரமாக? தார் முடிந்து மண் இறங்குகிற விளிம்பு வரைக்கும் போகிறார்கள். அங்கே மணல் கிடக்கிறது, சல்லி கிடக்கிறது, தாருக்கும் மண்ணுக்கும் நாலு விரல், ஐந்து விரல் இறக்கம் இருக்கிறது. சக்கரம் அதில் இறங்கினால் திரும்ப ஏறும்போது சறுக்கி ரோட்டுப் பக்கம்தான் விழ வேண்டும். அதோடு, பிள்ளை ஓரத்தில் ஒடுங்கிப் போனால், அதே தடத்தில் எனக்கும் இடமிருக்கிறது என்று பின்னால் வருபவருக்குத் தோன்றுகிறது. நெருக்கிக்கொண்டு முந்துகிறார். விளிம்பில் இருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, நேர்கோட்டில் போனால் முந்துகிறவர் ஸ்டியரிங்கைத் திருப்பி, விலகித்தான் முந்த வேண்டியிருக்கும். நான் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். டிரைவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நெல்லித்தோப்பு (புதன், மாலை 6:30)

டீச்சர், மன்னிக்கவும். நம் ஊரில் மூன்றடி உள்ளே போ என்று பிள்ளைகளிடம் சொல்வது ஆபத்து. அடித்துத் தூக்கிவிடுவார்கள். அதைவிட முக்கியம், சைக்கிள்காரர்கள் எதிர்த்திசையில் வருவதை நிறுத்தட்டும். நூறடி ரோட்டில் மாலை ஆனால் விளக்கில்லாமல் எதிரே வருகிறார்கள். பைக்கில் போகும் எனக்கே கடைசி நொடியில்தான் தெரிகிறது. பஸ்ஸுக்கு எப்படித் தெரியும்?

பழைய டிரைவர் (புதன், இரவு 8:15)

டீச்சர் சொல்வதுதான் சரி. காரணம் சொல்கிறேன். டிரைவருக்குப் பயம் தருவது இடத்தை எடுத்துக்கொள்கிற சைக்கிள் அல்ல, எங்கே போகும் என்று தெரியாத சைக்கிள். நேர்கோட்டில் மூன்றடி உள்ளே போகிறவரைத் தூரத்திலேயே பார்த்து வைத்துவிடுவோம். விளிம்பில் போகிறவர் ஒரு பள்ளம் வந்தால், ஒரு ஆட்டோ நின்றால், திடீரென்று வெளியே வருவார். அந்தத் திடீர்தான் கொல்லும். மழைக் காலத்தில் இந்திரா காந்தி சிலைப் பக்கம் தண்ணீர் நிற்கும். பள்ளம் தெரியாததால் எல்லாச் சைக்கிளும் நடுவுக்கு வந்துவிடும். மழை பெய்தால் சைக்கிள் நடுவில்தான் வரும் என்று டிரைவர் முன்கூட்டியே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் 40-இல் வரும் பஸ் உடனே நிற்காது. விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் பார்த்துக் காலை வைக்கவே ஒரு விநாடி போய்விடும். நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்றாலும் நிற்க 25 மீட்டராவது வேண்டும். ஆள் நிறைந்திருந்தால், ரோடு ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். அதனால் இடம் மாறுவதற்கு முன் திரும்பிப் பார்த்துக் கை காட்டச் சொல்லிக்கொடுங்கள். தலை திரும்புவதைப் பார்த்தாலே டிரைவருக்குப் புரிந்துவிடும். கையைவிடத் தலைதான் எனக்கு முதலில் தெரியும்.

முருங்கப்பாக்கத்தான் (புதன், இரவு 9:00)

நெல்லித்தோப்பு சார் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நானும் எதிர்த்திசையில் போனதுண்டு. நடுத் தடுப்பு வைத்த சாலையில், எதிரே தெரியும் கடைக்குப் போக அரை கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். வெயிலில் மிதிக்கிறவருக்கு அது பெரிய தூரம். அந்தச் சோம்பலுக்குப் பின்னால் சாலை அமைப்பின் குறையும் இருக்கிறது. ஆனாலும் தப்புதான். பஸ் 40, நான் 15. ஒரே திசையில் போனால் எங்களுக்குள் வித்தியாசம் 25. எதிரே வந்தால் 55. இன்றிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.

வில்லியனூர் சைக்கிள் கடை (வியாழன், காலை 7:40)

விளக்குப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். முன்பெல்லாம் டைனமோ கேட்டு வாங்கிப் போடுவார்கள். இப்போது வரும் கியர் சைக்கிள்கள் பலவற்றில் மட்கார்டுகூட இருப்பதில்லை, விளக்கு எங்கே இருக்கும்? பின் சிவப்பு விளக்கு பெரிய செலவில்லை, பேட்டரியில் எரியும். மிதிக்காமல் நிற்கும்போது டைனமோ அணைந்துவிடும், இது அணையாது. பின் மட்கார்டில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டலாம். பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் உடைந்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பெடல் மேலும் கீழும் ஆடுவதால் பின்னால் வருபவருக்கு அது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரியும். கொத்தனார் வேலை முடிந்து இருட்டில் ஊர் திரும்புகிறவர்கள் யார் வந்தாலும் நான் ஸ்டிக்கரைக் காசில்லாமல் ஒட்டிவிடுகிறேன்.

குருசுக்குப்பம் (வியாழன், பகல் 12:10)

என் மாமா குடும்பம் பிரான்சில் இருக்கிறது. அங்கே சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1 மீட்டர், ஊருக்கு வெளியே 1.5 மீட்டர் இடம் விட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பாரிஸில் பஸ் தடத்திலேயே சைக்கிளையும் போகவிடும் சாலைகள் உண்டு. லண்டனில் போலீஸ்காரர்கள் சைக்கிள் ஓட்டுகிறவர்களை லாரி டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்து, அங்கிருந்து எது தெரியவில்லை என்று காட்டுவார்கள் என்று படித்தேன். நம் ஊரில் அப்படி ஒருமுறை செய்து பார்த்தால் என்ன?

தடம் பாண்டி கடலூர் (வியாழன், இரவு 11:30)

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வண்டி சர்வீஸுக்கு ஷெட்டில் நிற்கும். ஓனரிடம் கேட்டேன், சரி என்றார். முருங்கப்பாக்கத்து அண்ணன், பெரியவர் இரண்டு பேரும் காலை ஆறு மணிக்கு வர முடியுமா?

முருங்கப்பாக்கத்தான் (ஞாயிறு, பகல் 1:25)

போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பஸ்ஸைச் சுற்றி நாலு சைக்கிளை நிறுத்தினோம். ஒன்று பஸ்ஸின் மூக்குக்கு முன்னால், ஒன்று முன் படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஒன்று இடது பின் சக்கரத்துக்கு முன்னால், ஒன்று நேர் பின்னால். அப்புறம் நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வாழ்நாளில் முதல் முறை.

பின்னால் இருந்தது தெரியவே இல்லை, எந்தக் கண்ணாடியிலும். பின் சக்கரத்துக்கு முன்னால் இருந்தது இடது கண்ணாடியில் தெரிந்தது, ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிந்து தேடியதால்தான் தெரிந்தது. படிக்கட்டுப் பக்கம் இருந்தது, படியில் இரண்டு பேரை நிற்கச் சொன்னதும் காணாமல் போனது. நான் விழுந்த அன்று இருந்தது அந்த இடத்தில்தான்.

முன்னால் இருந்த சைக்கிளில்தான் எங்கள் எல்லோருக்கும் ஒரு பாடம் கிடைத்தது. முன்பக்கப் பெரிய கண்ணாடியின் இடது கீழ் மூலையில் "பாண்டி கடலூர்" என்ற ஊர்ப் பலகை. அதற்கு மேல் சாமி ஸ்டிக்கர், அதற்குப் பக்கத்தில் மாலை. சைக்கிளைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தியதும் அதில் இருந்தவரின் தலை பலகைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பெரியவர் ஒன்றும் பேசாமல் பலகையைக் கழற்றி மேலே, கண்ணாடியின் உச்சியில் கட்டினார். இடது கண்ணாடியும் மேல் பக்கமாகத் திரும்பியிருந்தது. நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் கை பட்டுத் திரும்பிவிடுமாம். தினமும் காலையில் ஒருவர் இடப்பக்கம் தரையில் நின்று, மற்றவர் சீட்டில் இருந்து சரிபார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் இடம் மாற்றினோம். டிரைவர் அண்ணன் என் சைக்கிளில் உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். பெரியவர் பஸ்ஸை எடுத்து 20 வேகத்தில் அவருக்கு ஒரு மீட்டர் தள்ளி ஓட்டிப் போனார். ஷெட்டில் அதற்கு மேல் வேகம் போக முடியாது. பஸ் போனதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "முதல்ல காத்து தள்ளுது, அப்புறம் உள்ள இழுக்குதுண்ணே" என்றார். ரோட்டில் இதைவிட இரண்டு மடங்கு வேகத்தில், பாதி இடைவெளியில் போகிறீர்கள் என்று சொன்னேன். அவர் சைக்கிளில் இருந்து இறங்கி, சக்கரத்தில் இருந்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, காலடியால் அளந்தார். "அஞ்சடி விட்டாத்தான் சரி" என்றார்.

கண்டக்டர் தம்பியும் வந்திருந்தார். ரைட் கொடுப்பதற்கு முன் பின்படியில் இருந்து இடப்பக்கம் எட்டிப் பார்த்து, சைக்கிள் இருந்தால் "ஓல்டான், சைக்கிள்" என்று கத்தப் போவதாகச் சொன்னார். நிறுத்தத்துக்கு வரும்போதும் அப்படியே. ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறோம்.

லாஸ்பேட்டை பையன் (ஞாயிறு, மாலை 4:00)

அடுத்த முறை என்னையும் கூப்பிடுங்கள் அண்ணா. நானும் அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் டீச்சர் (ஞாயிறு, மாலை 6:20)

டிரைவர் சார், பிள்ளைகளை அழைத்து வரலாமா? சைக்கிளில் வருகிறவர்கள் என் வகுப்பில் 17 பேர். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குவது என் பொறுப்பு. அவர்களை ஒவ்வொருவராக ஏற்றி அந்தக் கண்ணாடியில் தங்கள் தோழியைத் தேடச் சொல்ல வேண்டும்.

தடம் பாண்டி கடலூர் (ஞாயிறு, இரவு 11:40)

வாங்க டீச்சர். வண்டி அடுத்து சர்வீஸுக்கு நிற்கும் தேதியை ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன். பாண்டி வரைக்கும் பிள்ளைகள் சைக்கிளில் வர வேண்டாம், நாங்களே கடலூர்ப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துகிறோம். மைதானத்தில் இடம் மட்டும் பார்த்து வையுங்கள், வண்டி முழுசாகத் திரும்ப வேண்டும். பின் சக்கரம் எப்படி உள்ளே வெட்டுகிறது என்பதை அவர்கள் தரையில் நின்று பார்க்கட்டும். சாக்பீஸ் நிறைய எடுத்து வாங்க.